மேனேஜருக்குத் தலைசுத்தல்

கிரேன்காரருக்கு முட்டி வலிச்சா நாயைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாரு.

இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. அவரு வேலை அப்படி. பெரிய கட்டடம் எழும்புற எடத்துல ஒத்தக் கால்ல கொக்கு மாதிரி நிக்குதே கிரேன், அதோட உச்சியில ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதுக்குள்ள உக்காந்து கம்பியும் கல்லும் தூக்கிக் குடுக்கிறவரு அவரு. காலைல ஏணியில ஏறினா சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டாரு. அந்த வேலைக்கு ஒரு கண்டிஷன் உண்டு. தலைசுத்தல், பிரஷர், நெஞ்சு அடைப்பு, இப்படி ஏதாவது ஒண்ணு ஒரு டாக்டர் சீட்டுல ஏறிடுச்சுன்னா ஆளு கீழ இறங்கிடணும். அப்புறம் தரையில நின்னு மேல இருக்கிறவனுக்குக் கை காட்டுற வேலைதான். இத்தனை வருஷம் ஊரையே மேல இருந்து பாத்துட்டு, கீழ நின்னு அண்ணாந்து பாக்கிறதுன்னா, அதுக்கு வீட்லயே படுத்துக்கலாம்னு அவரு நினைப்பு.

அதனால அந்த சைட்ல யாருக்கும் எந்த வியாதியும் கிடையாது. வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் வேன்ல வந்து, "ஏதாவது தொந்தரவு இருக்கா"ன்னு கேப்பாரு. வரிசையில நிக்கிற அத்தனை பேரும் "நல்லா இருக்கேன் சார்". இருமிக்கிட்டே அப்படிச் சொன்னவங்களும் உண்டு.

வீட்லயும் கிரேன்காரர் அதே பாட்டுத்தான் பாடுவாரு. "நான் இது வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்கினதில்ல." சம்சாரம் தைலம் தேய்ச்சா, "என்னமோ நாறுது"ன்னு மூக்கைப் பொத்திக்குவாரு. இப்படியே பேசிப் பேசி, பின்னாடி நெஜமாவே வலி வந்தப்ப வாயைத் திறக்க வழியில்லாம போச்சு.

அப்பத்தான் மேனேஜர் கைகொடுத்துச்சு. மேனேஜர்ங்கறது அவங்க வீட்டு நாய். பழுப்பு நிறம், தொங்கு காது, என்ன ஜாதின்னு அதைப் பெத்ததுக்கே தெரிஞ்சிருக்காது. நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாது. ஆனா வீட்டுக்குள்ள யாரு வந்தாலும் எழுந்து வந்து மேலயும் கீழயும் பாத்துட்டு, ஒரு அதட்டல் போட்டுட்டு, திரும்பப் போய் படுத்துக்கும். அதனால அந்தப் பேரு.

ஒரு தடவை அதுக்குத் தடுப்பூசி போடப் போனப்ப, நாய் டாக்டரம்மா ரொம்ப அக்கறையா, "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா சார்"ன்னு கேட்டாங்க. கம்பெனி டாக்டர் கேட்ட அதே கேள்விதான். ஆனா அந்தம்மா கேக்கும்போது மூஞ்சியைப் பாத்துக் கேட்டாங்க. கிரேன்காரருக்கு மனசு இளகிடுச்சு. "படி ஏறி இறங்கினா முட்டி பிடிச்சுக்குது டாக்டர். வலது பக்கம்"னாரு. டாக்டரம்மா குனிஞ்சு மேனேஜரோட பின்னங்காலைப் பிடிச்சு மடக்கி நீட்டிப் பாத்தாங்க. "வெயிட்டைக் குறைக்கணும், காலைல வெந்நீர் ஒத்தடம் குடுங்க, மெதுவா நடக்க விடுங்க"ன்னாங்க. இவரு பாத்ரூமைச் சாத்திக்கிட்டு ஒத்தடம் குடுத்துக்கிட்டாரு. ஒரு வாரத்துல வலி பாதியாச்சு.

அதுக்கப்புறம் கேக்கணுமா. நெஞ்செரிச்சல்னா நாய்க்கு. காதுல ஙொய்ங்னு கேட்டா நாய்க்கு. டாக்டரம்மா ஒவ்வொண்ணையும் பொறுமையா கம்ப்யூட்டர்ல தட்டிக்குவாங்க. இதுக்கெல்லாம் மாத்திரை குடுத்தா மட்டும் கிரேன்காரர் வாங்கிட்டு வந்து பரண்மேல போட்டுடுவாரு, நாய்க்கும் குடுக்க மாட்டாரு, தானும் தொட மாட்டாரு. அந்த அளவுக்கு நியாயம் இருந்துச்சு அவருகிட்ட. அவருக்கு வேண்டியது வைத்தியம்கூட இல்ல. யாராவது ஒருத்தர் காது குடுத்துக் கேக்கணும், அவ்வளவுதான்.

இது இப்படியே ஓடியிருக்கும். சம்சாரம் நாயோட இன்சூரன்ஸை மாத்தணும்னு கிளம்பினதுலதான் எல்லாம் வந்துச்சு.

அந்தம்மா ஒரு பெரிய ஹோட்டலோட சலவைப் பிரிவுல சூப்பர்வைசர். வர்ற துணியில கறையைப் பாத்தே இது காப்பியா, மருதாணியா, மூக்குல வந்த ரத்தமா, எந்த ரூம் ஆளு, பொய் சொல்றாரா இல்லையான்னு சொல்லிடுவாங்க. வீட்ல அவங்களுக்கு இருந்த ஒரே பலவீனம், எதையும் ரொம்ப நாள் வெச்சுக்க மாட்டாங்க. போன் கம்பெனி, கேஸ் கம்பெனி, பால்காரர்னு வரிசையா மாத்திட்டு, அடுத்ததா நாய் இன்சூரன்ஸ்ல கை வெச்சாங்க.

கை வெக்க காரணமும் இருந்துச்சு. பழைய கம்பெனி ஒரு லெட்டர் போட்டிருந்தான். மேல பலூன் படம். "உங்கள் மேனேஜருக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்"னு ஆரம்பிச்சு, நாலாவது வரியில, வயசு ஏறினதால பிரீமியத்தை ஏத்திட்டோம்னு முடிச்சிருந்தான்.

"வாழ்த்து சொல்லி வயித்துல அடிக்கிறான் பாருங்க"ன்னாங்க சம்சாரம்.

"விடு, இன்சூரன்ஸே வேணாம். அது நல்லா திடமாத்தானே இருக்கு"ன்னாரு கிரேன்காரர்.

அந்தம்மா திரும்பி அவரைப் பாத்தாங்க. முன்னாடி இருந்த நாய்க்கு வயித்துல கட்டி வந்தப்ப, ஆபரேஷன் செலவைக் கேட்டுட்டு, அவ்வளவு பணம் இல்லன்னு ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட சொன்னாங்க. அந்த நாயைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததை சம்சாரம் மறக்கல. கிரேன்காரரும் மறக்கலதான். அதான் உடனே வாயை மூடிக்கிட்டாரு.

அன்னையில இருந்து கட்டில் முழுக்க நோட்டீஸ். அடிபட்டா மட்டும் குடுக்கிற பாலிசி, அடிபட்டாலும் வியாதி வந்தாலும் குடுக்கிற பாலிசி, ஒரு வியாதிக்கு ஒரு வருஷம்தான், அதுக்கு மேல அந்த வியாதி உங்க பொறுப்புங்கற பாலிசி, ஆயுசு முழுக்கக் குடுக்கிற பாலிசி. எல்லாத்துலயும் நாய்ங்க பல்லைக் காட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. ஒரு கம்பெனியில போன் எடுத்த பையன், "மேனேஜரோட அம்மாங்களா பேசறீங்க"ன்னு கேட்டான்.

"நான் ஏன்டா அம்மாவாகப் போறேன். அது நாய்."

"எங்க கம்பெனியில நாங்க அப்படிச் சொல்றதில்லைங்க மேடம். அவர் உங்க குடும்ப உறுப்பினர்."

"அப்ப குடும்ப உறுப்பினருக்கு பல்லு வலின்னா குடுப்பீங்களா?"

"பல்லு மட்டும் இதுல வராதுங்க மேடம்."

கடைசியில ஒரு புது கம்பெனியைப் பிடிச்சாங்க. ஆயுசு முழுக்க, எல்லா வியாதிக்கும், பழசை விடக் கம்மி. உடனே பழைய கம்பெனிக்குப் போன் போட்டு, "உங்க பலூனை நீங்களே ஊதிக்குங்க"ன்னு சொல்லி கேன்சல் பண்ணிட்டாங்க. அப்புறம்தான் புது கம்பெனிக்காரன் சொன்னான், உங்க நாய் டாக்டர்கிட்ட இருந்து முழு ரெக்கார்டும் வாங்கிப் பாத்துட்டுத்தான் பாலிசி குடுப்போம்னு.

"பாத்துக்கட்டுமே, அதுல என்ன இருக்கப்போவுது"ன்னாங்க அந்தம்மா. கிரேன்காரர் அப்ப ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தாரு. ரொம்ப நேரம் கட்டிக்கிட்டே இருந்தாரு.

பதில் வந்த அன்னைக்கு மச்சினனும் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் கார் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாக்கிறவன். இடிச்ச காரைப் போய்ப் பாத்து, இது இடிச்சதே இல்ல, பொறந்ததுல இருந்தே இப்படித்தான்னு எழுதுறது அவன் உத்தியோகம். லெட்டரை வாங்கிப் பிரிச்சவன் முதல்ல தனக்குள்ள படிச்சான், அப்புறம் மேஜைக்கு அடியில குனிஞ்சு மேனேஜரைப் பாத்தான், அப்புறம் திரும்பவும் லெட்டரைப் பாத்தான்.

"அக்கா, இது உயிரோட இருக்கா?"

"ஏன்டா, உன் செருப்பைத்தான் கடிச்சுக்கிட்டிருக்கு. என்ன போட்டிருக்கான், படி."

மச்சினன் தொண்டையைச் செருமிக்கிட்டு படிச்சான். "முன்னாடியே இருந்த வியாதிங்க, இதுக்கெல்லாம் பணம் கிடையாது. வலது முட்டி. ஒரு பக்கம் வந்தா இன்னொரு பக்கமும் வரும்ங்கறதால இடது முட்டி. இடுப்பு. கழுத்து. நெஞ்செரிச்சல், அதோட சேத்து வயிறு, குடல் எல்லாம். காது இரைச்சல், ரெண்டு காதும். குறட்டை. மூச்சு முட்டல். தலைசுத்தல், அதோட சேத்து மூளை, நரம்பு, இதயம், ரத்தக் குழாய். மனச்சோர்வு."

"மனச்சோர்வா? இதுக்கா?"

"ஆமாக்கா. அப்புறம் என்ன பாக்கின்னா..." விரல் விட்டு எண்ணினான். "வாலு. வாலு ஒடைஞ்சா முழுசா குடுப்பான். அந்த விஷயத்துல கம்பெனி தாராளம்தான்."

சம்சாரம் சிரிக்கல. "டேய், போன வாரம் இது பக்கத்து வீட்டு சுவரைத் தாண்டிக் குதிச்சு அவங்க டோர்மேட்டைத் தூக்கிட்டு வந்துச்சு. இதுக்கா முட்டி வலி? என்னங்க, நீங்கதானே கூட்டிட்டுப் போவீங்க, இதெல்லாம் யாரு சொன்னது?"

"டாக்டருங்க என்னத்தையாவது எழுதுவாங்க"ன்னாரு கிரேன்காரர். "அவங்களுக்கும் பொழப்பு ஓடணும் இல்ல."

"பழைய கம்பெனிக்கே திரும்பப் போயிடலாமாடா?"

"அதுதான்க்கா விஷயம். அங்கயே இருந்திருந்தா, இதெல்லாம் அவன் கணக்குல வந்த வியாதி, அவன்தான் பாத்தாகணும். நீ வெளிய வந்துட்ட. இப்ப திரும்பப் போனா அவனுக்கும் நீ புது ஆளு. அவனும் வாலுதான் குடுப்பான். புதுசு கையில வர்றதுக்கு முன்னாடி பழசை யாராவது விடுவாங்களா?"

"பலூன் அனுப்பினான்டா. கோவம் வந்துடுச்சு."

"ஒரே ஒரு வழி இருக்கு. டாக்டரே, இது தப்பா ஏறிடுச்சு, நாய்க்கு இந்த வியாதி எதுவும் இல்லன்னு எழுதிக் குடுக்கணும். குடுப்பாங்களா மாமா?"

மாமா தண்ணி குடிக்கப் போயிட்டாரு.

மறுநாள் சாயங்காலம் சம்சாரம் மேனேஜரைப் பிடிச்சுக்கிட்டு கிளினிக்குக்குக் கிளம்பினாங்க. "நீ எதுக்கு அலையற, நான் போறேன்"ன்னு ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தாரு கிரேன்காரர். "நீங்க போய்தான் இந்தக் கதி"ன்னுட்டாங்க. அவரும் பின்னாலயே போனாரு. ஸ்கூல்ல அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்ன பையன் மாதிரி ஒரு நடை.

டாக்டரம்மா மேனேஜரை ஸ்டீல் மேஜை மேல ஏத்தி, காலை மடக்கி, வயித்தை அமுக்கி, காதுக்குள்ள லைட் அடிச்சு, நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டு, எல்லாம் பண்ணாங்க. அது சும்மா நிக்காம அவங்க சட்டைப் பித்தானைக் கழட்டிடுச்சு.

"மேடம், நானே சொல்றேன், இது கல்லு மாதிரி இருக்கு. அதுதான் எனக்கும் புரியல. ஒவ்வொரு தடவையும் நான் பாக்கிறப்ப ஒண்ணும் இருக்காது. ஆனா சார் வந்து அவ்வளவு விவரமா சொல்வாரு. நாயை இந்த அளவுக்கு கவனிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல. எங்க ஸ்டாஃப்கிட்டகூட சாரைப் பத்திச் சொல்லுவேன்."

"என்ன சொல்வாரு? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க டாக்டர்."

கிரேன்காரர் சுவத்துல ஒட்டியிருந்த பூனை படத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வெச்சுக்கிட்டு படிச்சாங்க. "உரிமையாளர் சொல்வது: காரம் சாப்பிட்ட அன்னைக்கு நெஞ்சு கரிக்குது. சாப்பிட்டு உடனே படுத்தா எதுக்களிக்குது. உரிமையாளர் சொல்வது: ஒரு தலையணை வெச்சுப் படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு வெச்சா பரவால்ல."

சம்சாரம் மெதுவா மேஜையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அப்புறம்?"

"உரிமையாளர் சொல்வது: ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா மனசு கனத்துப் போகுது. திங்கக்கிழமை காலைல எழுந்திருக்கவே பிடிக்கல. இதுக்கு நான்தான் மனச்சோர்வுன்னு போட்டேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் தனியா இருக்குதேன்னு. விளையாட ஒரு பந்து வாங்கிக் குடுக்கச் சொன்னேன்."

"வாங்கிட்டு வந்தாரு"ன்னாங்க சம்சாரம். "அவரே சுவத்துல அடிச்சு விளையாடிக்கிட்டிருப்பாரு. நான்கூட நல்லதுன்னு நினைச்சேன். மேல படிங்க."

"கடைசி தடவை வந்தப்ப. உரிமையாளர் சொல்வது: உசரத்துல இருந்து கீழ பாக்கிறப்ப ஒரு நிமிஷம் கண்ணு இருட்டுது. கை நடுங்குது. யாருக்கும் தெரியறதில்ல."

மேனேஜர் அது வரைக்கும் பக்கத்து வீட்டு சுவருக்கு மேல உசரமா எங்கயும் போனதில்ல. கறையைப் பாத்தே ஆளைச் சொல்ற அந்தம்மாவுக்கு இதுல சொல்ல என்ன இருக்கு. திரும்பி வீட்டுக்காரரைப் பாத்தாங்க. கத்தல. அதுதான் அவருக்குத் தாங்கல.

"என்னுதுதான்"ன்னாரு கிரேன்காரர். "எல்லாம் என்னுதுதான்."

டாக்டரம்மாவுக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் நாற்காலியில உக்காந்துட்டாங்க. "சார், மாத்திரை குடுத்தேனே சார். அதையெல்லாம்..."

"பரண்மேல இருக்கு."

"புழு மாத்திரை?"

"அது அதுக்குத்தான் குடுத்தேன் டாக்டர். அதுல விளையாட மாட்டேன்."

"முட்டிக்கு ஒத்தடம்?"

"அது நான்தான். நல்லா கேட்டுச்சு. உங்க கை ராசியான கை."

டாக்டரம்மாவுக்குச் சிரிக்கறதா கோவப்படறதான்னு தெரியல. ரொம்ப மரியாதையா சொன்னாங்க: "நான் எழுதித் தர்றேன் சார். ஆனா பொய் எழுத முடியாது. நாய்க்கு இல்லன்னு எழுதினா, அப்ப யாருக்குன்னு கம்பெனி கேப்பான். உரிமையாளர் தன்னோட உடம்புல இருந்த தொந்தரவை நாயோடதுன்னு சொன்னதா எழுதணும். உங்க கையெழுத்தும் வேணும்."

"யோசிச்சு சொல்றேன்"ன்னாரு அவரு.

வீட்டுக்கு நடந்தே வந்தாங்க. மேனேஜர் நடுவுல. மச்சினன் வாசல்லயே காத்துக்கிட்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் மூணு தடவை "அய்யோ மாமா"ன்னான், அதுல ரெண்டு சிரிப்பு. அப்புறம் ஆபீஸ் புத்தி வந்துடுச்சு.

"மாமா, கையெழுத்து போட்டுடாதீங்க. இந்தப் புது கம்பெனிதான் உங்க சைட்டுக்கும் இன்சூரன்ஸ் குடுக்குது. நாய் ஃபைலும் மனுஷ ஃபைலும் ஒரே அலமாரி. உங்க தலைசுத்தலைப் படிச்சவன் சும்மா இருப்பானா? இப்ப பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. ஊர்ல இருக்கிற வியாதி எல்லாம் நாய் பேர்ல. நீங்க சுத்தம். அப்படியே விட்டுடுங்க. அது என்ன வேலைக்கா போவுது?"

கிரேன்காரருக்கு அது சரின்னு பட்டுச்சு. "அவன் சொல்றது நியாயம்தானே"ன்னு சம்சாரத்தைப் பாத்தாரு. "நாய்க்கு ஏதாவது வந்தா எப்படியாவது பாத்துக்கலாம். நான் கீழ இறங்கினா திரும்ப மேல விட மாட்டாங்க. இந்தக் கட்டடம் முடியட்டும், அப்புறம்..."

"என்னங்க"ன்னாங்க அந்தம்மா. "கண்ணு இருட்டுறப்ப உங்க கையில என்ன தொங்கும்?"

அவரு குனிஞ்சு மேனேஜரோட கயித்தை அவுக்க ஆரம்பிச்சாரு.

"கம்பியா, கல்லா?"

"கம்பிக்கட்டு."

"கீழ ஆளு நிப்பாங்களா?"

போன வாரம் நடந்ததை அவரு யார்கிட்டயும் சொல்லல. கண்ணு இருட்டி, கை லீவர்ல அப்படியே நின்னு, கம்பிக்கட்டு ஒரு பக்கமா வீசி ஆடுச்சு. கீழ கம்பி கட்டிக்கிட்டிருந்த ஆளுங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. வாக்கி டாக்கியில ஒருத்தன், "இன்னைக்குக் காத்து ஜாஸ்தி அண்ணே"ன்னான். "ஆமாப்பா, காத்து"ன்னாரு இவரு. அன்னைக்கு இலை அசையல.

"நிப்பாங்க"ன்னாரு.

"அவங்க வீட்லயும் யாராவது உக்காந்து நோட்டீஸ் பாத்துக்கிட்டிருப்பாங்க"ன்னாங்க அந்தம்மா. "நாயை விடுங்க. அதுக்கு வாலே போதும். நாளைக்கு நீங்க கிரேன்ல ஏறினீங்கன்னா நான் சைட்டுக்கு வந்து கீழ நிப்பேன்."

"அக்கா, நீ உணர்ச்சிவசப்படாத..."

"நீ வாயை மூடுடா. இடிச்ச காரை இடிக்கலன்னு எழுதறவன்தானே நீ."

மறுநாள் காலைல கிரேன்காரர் ஏணிகிட்ட போய் ஒரு கம்பியைப் பிடிச்சாரு. பிடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் கையை எடுத்துட்டு, சைட் இன்ஜினியரோட தகர ரூமுக்குப் போய், "சார், நான் இன்னைக்கு ஏறல. எனக்குத் தலைசுத்துது"ன்னாரு. சைட்ல அந்த வார்த்தையை யாரும் அது வரைக்கும் சத்தமா சொன்னதில்ல. தகர ரூம்ல கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டிருந்தவங்ககூட நிறுத்திட்டாங்க.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழட்டினாரு. "எத்தனை நாளா?"

"நாய் ரெக்கார்டைப் பாத்துத்தான் சொல்லணும் சார்."

அன்னைக்கே சம்சாரம் அவரை மனுஷ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. பெரிய ஆஸ்பத்திரி, சோபா எல்லாம் போட்டு. டாக்டர் கம்ப்யூட்டர்ல இருந்து தலை எடுக்கல. கிரேன்காரர் ஆசையா ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஆரம்பிச்சாரு. "பிரஷர் பாருங்க"ன்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. பட்டையைச் சுத்தி காத்தடிச்சுப் பாத்த நர்ஸ், இன்னொரு தடவை பாத்தாங்க, அப்புறம் வேற மிஷினைக் கொண்டு வந்து பாத்தாங்க. மூணு தடவையும் ஒரே மாதிரி காட்டினதும் டாக்டர் முதல் தடவையா தலையைத் தூக்கினாரு.

"இதை வெச்சுக்கிட்டா கிரேன் ஓட்டினீங்க?"

"நல்லாத்தான் ஓட்டினேன்"ன்னாரு கிரேன்காரர். சம்சாரம் ஒரு பார்வை பாத்தாங்க. "ஒரு தடவை காத்தடிச்சுது"ன்னாரு.

மாத்திரை ஆரம்பிச்சாங்க. வாழ்க்கையில முதல் மாத்திரை. வீட்ல அதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு. சம்சாரம் ஒரு பிஸ்கட்டுக்குள்ள அதைச் சொருகி நீட்டினாங்க. "மேனேஜருக்குப் புழு மாத்திரையை நீங்க இப்படித்தானே குடுப்பீங்க. சாப்பிடுங்க." சாப்பிட்டாரு. மேனேஜர் அந்த பிஸ்கட்டைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

டாக்டரம்மா லெட்டர் எழுதினாங்க, இவரு கையெழுத்து போட்டாரு. புது கம்பெனியில அதைப் படிச்சவங்க எத்தனை பேரோ, ஒரு வாரமா பதிலே இல்ல. ஒரு தடவை யாரோ போன் பண்ணி, "மேனேஜரோட அப்பாங்களா"ன்னாங்க. பின்னாடி நாலு பேர் சிரிக்கிறது கேட்டுச்சு. அப்புறம் ஒருவழியா பாலிசி வந்துச்சு. முட்டி, வயிறு, காது, மூளை, இதயம், மனசு, எல்லாம் திரும்ப மேனேஜருக்கே குடுத்துட்டாங்க. கடைசியில மட்டும் புதுசா ஒரு வரி சேத்திருந்தாங்க: இந்த நாயைப் பொறுத்த வரைக்கும் உரிமையாளர் வாயால சொல்ற எந்த அறிகுறியும் ஏத்துக்கப்படாது, டாக்டர் கண்ணால பாத்தது மட்டும்தான் செல்லும்.

"இந்த மாதிரி ஒரு வரியை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல மாமா"ன்னான் மச்சினன். "ஃபிரேம் போட்டு மாட்டலாம்."

அவன் பயந்ததும் நடந்துச்சு. அலமாரி ஒண்ணுதான். சைட் கம்பெனிக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. ஆனா அதுக்குள்ள இவரே கீழ இறங்கியிருந்தாரு, அதனால யாரும் இறக்க வேண்டி வரல. பிரஷர் அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லி வெச்சிருக்காங்க. மேல விடுவாங்களா மாட்டாங்களான்னு யாருக்கும் தெரியாது. இப்ப தலைக்கவசம் மாட்டிக்கிட்டு, கையில வாக்கி டாக்கியோட தரையில நிக்கிறாரு. மேல வேற ஒருத்தன். அவன் லோடைத் தூக்கும்போதெல்லாம் இவருக்குக் கை தன்னால லீவரைப் பிடிக்கிற மாதிரி மடங்கும். சைட்ல எல்லாருக்கும் நாய் விஷயம் தெரிஞ்சுபோச்சு. பாக்கிறவன் எல்லாம், "அண்ணே, நாய் எப்படி இருக்கு, பிரஷர் கண்ட்ரோல்ல இருக்கா"ன்னு கேட்டுட்டுப் போனான். சிமெண்ட் லாரிக்காரன் ஒருத்தன் இவரைப் பாத்துக் குரைக்கக்கூடச் செஞ்சான்.

ஒரு நாள் டீ நேரத்துல, எல்லாரும் நிழலுக்குப் போனப்புறம், சைட் இன்ஜினியர் தகர ரூம்ல இருந்து தனியா இறங்கி வந்தாரு. கம்பிக் குவியலை அளக்கிற மாதிரி கொஞ்ச நேரம் சுத்தினாரு. அப்புறம் பக்கத்துல வந்து நின்னு, மேல கிரேனைப் பாத்துக்கிட்டே, குரலை இறக்கிக் கேட்டாரு.

"அந்த டாக்டரம்மா பூனையும் பாப்பாங்களா?"

கிரேன்காரர் திரும்பிப் பாத்தாரு. "பாப்பாங்க சார். உங்க வீட்ல பூனை இருக்கா?"

"இருக்கு. வாங்கலாம்னு இருக்கேன்."

"என்ன பண்ணுது அதுக்கு?"

"ஒண்ணும் பெருசா இல்ல. மாடி ஏறினா நெஞ்சுக்கு நடுவுல யாரோ கையை வெச்சு அமுக்கற மாதிரி இருக்குதாம். இடது தோளு வரைக்கும் இழுக்குதாம்." தகர ரூம் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கிட்டாரு. "கம்பெனிக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காது. பூனை விஷயம்தான்."

கிரேன்காரர் அவரை மேலயும் கீழயும் பாத்தாரு. காலர் ஓரமெல்லாம் வேர்வை. நிழல்ல நிக்கிற ஆளுக்கு அவ்வளவு வேர்க்காது. வாக்கி டாக்கியில மேல இருக்கிறவனைக் கூப்பிட்டு, "தம்பி, லோடை இறக்கிட்டு நிறுத்திக்க, நான் கொஞ்சம் வெளிய போறேன்"ன்னாரு. அப்புறம் இன்ஜினியரோட முழங்கையைப் பிடிச்சாரு.

"கார் சாவியை எங்கிட்ட குடுங்க சார். பூனை வேணாம். நீங்க மட்டும் வாங்க."